வெளியாள் வராத விசாரணை

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக நிகழ்த்திய உரையின் செப்பம் செய்யப்பட்ட வடிவம்)



இலக்கியத்துக்கென்று ஏற்படுத்தப்பட்ட ஒரு சொற்பொழிவில் திரைப்படத்தைப் பற்றிப் பேச இசைவு தந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. நான் எடுத்துக்கொண்டிருப்பது பழைய பிரெஞ்சுப் படங்கள் சில. அவற்றின் நடுவில் நிற்பது 1950இல் வெளிவந்த ‘லெஸ் ஆன்சியேன் த சேன்-லூ’, அதாவது ‘சேன்-லூவின் பழைய மாணவர்கள்’. ஒரு பள்ளியில் படித்துப் பிரிந்தவர்கள் பல ஆண்டுகள் கழித்து அதே பள்ளியில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு மர்மம் முளைக்கிறது. இந்தக் கதைக்கரு பிரெஞ்சுத் திரையில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஏன் வந்தது என்பதே என் கேள்வி.

துப்பறியும் கதையின் இலக்கணம் நம் எல்லோருக்கும் தெரியும். குற்றம் நடந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வருவார். அவருக்கு அங்கே உறவும் இல்லை, பகையும் இல்லை. ஒட்டும் பற்றும் இல்லாததாலேயே மற்றவர்களுக்குத் தெரியாதது அவர் கண்ணில் படுகிறது. குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விடுவார். அந்த வீடு, அந்த ஊர், அந்தக் குடும்பம் சுத்தமாகிவிட்டது என்ற நிம்மதியோடு நாமும் புத்தகத்தை மூடுவோம்.

நான் சொல்லப்போகும் படங்களில் அந்த மனிதர் வருவதில்லை. வந்தாலும் அவர் கையில் எதுவும் இல்லை. விசாரிப்பவர்களும் விசாரிக்கப்படுபவர்களும் ஒரே ஆட்கள். கேள்வி கேட்டவரே அடுத்த நிமிடம் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கிறார். உண்மை வெளிப்பட்ட பிறகு யாரும் ரயிலேறிப் போய்விட முடியாது. அந்த உண்மையோடு சேர்ந்து வாழவேண்டியவர்கள் அவர்களே. வெளியாள் வராத இந்த விசாரணைதான் இந்தப் படங்களின் உயிர் என்பது என் வாதம். இந்த வடிவம் போருக்கு முன்பே பிறந்துவிட்டது. 1940க்கும் 1944க்கும் இடையே, ஜெர்மானிய ஆதிக்கத்தின்கீழ், பிரான்சுக்கு நேர்ந்தவை அதற்குப் பொருளைக் கொடுத்தன.

1. பள்ளியில் தொடங்கியது

இந்த வடிவத்தின் தந்தை என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நாவலாசிரியர் பியர் வெரியைச் சொல்வேன். 1900இல் ஷராந்த் பகுதியின் பெலோன் என்ற சிற்றூரில் பிறந்தவர், 1960இல் மறைந்தார். பாரிஸில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தவர். 1930இல் துப்பறியும் நாவலுக்காகப் பரிசு பெற்றார். ஆனால் கொலை, தடயம், கைது என்ற கட்டத்துக்குள் அவர் மனம் நிற்கவில்லை. துப்பறியும் கதையை விந்தைக் கதையின் பக்கம் இழுத்துச் செல்ல விரும்பினார். பிள்ளைகளின் கண்ணில் உலகம் எவ்வளவு அச்சமும் ஆசையுமாகத் தெரியுமோ அப்படித் தெரியவேண்டும் அவருக்கு.

1935இல் அவர் எழுதிய நாவல் ‘சேன்-அஜிலில் காணாமல் போனவர்கள்’. மோ நகரில் தாம் படித்த விடுதிப் பள்ளியை மனத்தில் வைத்து எழுதியது. 1938இல் கிறிஸ்தியான்-ஜாக் அதைப் படமாக்கினார். உரையாடலில் கவிஞர் ஜாக் ப்ரெவேருக்கும் பங்குண்டு. பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. கதை நடப்பது முதல் உலகப் போருக்குச் சற்று முன். போம், சோர்க், மக்ருவா என்று மூன்று பையன்கள். அமெரிக்காவுக்கு ஓடிப்போவது அவர்கள் கனவு. அதற்காக ஒரு இரகசியச் சங்கம் வைத்திருக்கிறார்கள். இரவில் அறிவியல் வகுப்பறையில் கூடுவார்கள். அங்கே நிற்கும் எலும்புக்கூட்டுக்கு மார்த்தேன் என்று பெயரிட்டு, அதன் முன்னிலையில் உறுதிமொழி எடுப்பார்கள்.

ஒரு நாள் இரவு சோர்க் அந்த அறையில் முன்பின் தெரியாத ஒரு மனிதனைப் பார்க்கிறான். அதற்குப் பிறகு சோர்க்கைக் காணவில்லை. அடுத்து மக்ருவாவும் காணாமல் போகிறான். ஓவிய ஆசிரியர் லெமெல் மேலிருந்து விழுந்து இறக்கிறார். மிச்சமிருப்பவன் போம். கண்டுபிடிக்க வேண்டியவன் அவனே.

இந்தப் படத்தில் சந்தேகம் எங்கே போய் விழுகிறது என்று கவனியுங்கள். ஆங்கில ஆசிரியர் வால்ட்டர் மேல் விழுகிறது. காரணம், அவர் அயல்நாட்டவர். குடிகார லெமெல் வரப்போகும் போரைப் பற்றியே பேசிக்கொண்டு, வால்ட்டரை வெறுத்துக்கொண்டு திரிகிறார். வால்ட்டராக நடித்தவர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம். அதற்கு முந்தைய ஆண்டு, 1937இல், ழான் ரெனுவாரின் ‘மாபெரும் மாயை’ படத்தில் ஜெர்மானிய இராணுவ அதிகாரியாக வந்தவர். அந்த முகத்தையும் விறைத்த கழுத்தையும் பார்த்தவுடனே இவன்தான் என்று பார்வையாளர் முடிவுகட்டுவார் என்பது இயக்குநருக்குத் தெரியும். நம் சந்தேகத்தையே அவர் படத்துக்குள் இழுத்துப் போடுகிறார். கடைசியில் பள்ளியின் மறைவில் இயங்கும் கள்ளநோட்டுக் கும்பலுக்குத் தலைவர் யார்? பள்ளியின் தலைமையாசிரியர் புவாஸ். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் மனிதர். வால்ட்டரோ போமுக்குத் துணையாக நின்றவர்.

1938 என்ற ஆண்டையும் நினைவில் வையுங்கள். மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்டார். செப்டம்பரில் மியூனிக் உடன்படிக்கை. இன்னொரு போரின் வாசலில் நின்ற பிரெஞ்சுக்காரர்கள் முந்தைய போரின் வாசலில் நின்ற ஒரு பள்ளியைத் திரையில் பார்த்தார்கள். அயலானைச் சந்தேகிக்காதே, உன் வீட்டின் தலைவாசலில் நிற்பவனைப் பார் என்று அந்தப் படம் சொன்னது. எத்தனை பேர் கேட்டார்கள் என்பது வேறு.

2. நடிகர் பட்டியலுக்குள் நுழைந்த வரலாறு

இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஏனெனில் கதையில் எழுதப்படாத ஒன்று அந்தப் படத்தில் நடித்தவர்களின் வாழ்க்கையில் நடந்தது.

ஸ்ட்ரோஹைம் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். போர் மூண்டதும் அமெரிக்காவுக்குப் போனார். அவர் நடித்து முடித்திருந்த ‘மக்காவ், சூதாட்ட நரகம்’ என்ற படத்தை ஜெர்மானிய ஆதிக்கத்தின்கீழ் அப்படியே வெளியிட முடியவில்லை. அவர் வரும் காட்சிகளை வெட்டிவிட்டு, வேறொரு நடிகரை வைத்து மறுபடி எடுத்தார்கள். அந்த நடிகர் பியர் ரெனுவார்.

சேன்-அஜிலில் சோர்க் இரவில் பார்க்கும் அந்த மர்ம மனிதனாக நடித்தவர் ரோபேர் லெ விகான். அபாரமான நடிகர். ஆதிக்கக் காலத்தில் அவர் நாஜி ஆதரவாளராக வானொலியில் பேசினார். 1944இல் பிரான்ஸ் விடுதலையாகும் வேளையில், ஜெர்மானியரோடு ஒத்துழைத்த விஷி அரசின் ஆட்சியாளர்கள் ஒதுங்கிய ஜெர்மனியின் சிக்மரிங்கன் நகருக்கு எழுத்தாளர் செலினோடு சேர்ந்து ஓடினார். அப்போது மார்செல் கர்னேயின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ படத்தில் ஒரு வேடம் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் ஓடிப்போனதால் அந்த வேடத்தை வேறொருவர் ஏற்றார். அவரும் பியர் ரெனுவார்தான்.

ஒரே படத்தில் ஒன்றாக நடித்த இரண்டு முகங்கள். ஒன்றை ஆதிக்கவாதிகள் அழித்தார்கள். மற்றொன்று ஆதிக்கவாதிகளோடு போனது. இரண்டு வெற்றிடங்களையும் நிரப்பியவர் ஒரே நடிகர். எந்தக் கதாசிரியரும் இப்படி எழுதத் துணிந்திருக்க மாட்டார். லெ விகானுக்கு 1946இல் பத்தாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் வெளியே வந்து, ஸ்பெயின் வழியாக அர்ஜென்டினா போய், 1972இல் தான்தில் என்ற ஊரில் இறந்தார்.

இடைப்பட்ட காலத்தில் வெரியின் கதைகள் தொடர்ந்து படமாயின. 1941இல் வந்த ‘கிறிஸ்துமஸ் தாத்தாவின் கொலை’, ஜெர்மானியர் பாரிஸில் தொடங்கிய கொந்தினந்தால் நிறுவனம் எடுத்த முதல் படம். அதன் நாயகர் ஆரி போர். மறு ஆண்டே அவர் கைதுசெய்யப்பட்டு, ஜெர்மானிய இரகசியப் போலீசான கெஸ்டபோவின் கையில் வதைபட்டார். விடுதலையான பிறகு 1943 ஏப்ரலில் இறந்தார். அந்தப் படத்திலும் லெ விகான் இருக்கிறார். 1943இல் ழாக் பெக்கேர் எடுத்த ‘கூபி மேன் ரூழ்’ படத்தில் ஒரு விவசாயக் குலம். வீட்டில் கொலை நடக்கிறது. போலீசுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று குலம் முடிவெடுத்து, உண்மையைத் தானே கண்டுபிடித்து, தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. போலீஸ் என்பது யாருடைய போலீஸ் என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் இருந்த ஆண்டு அது. வெளியாளை உள்ளே விடாத வடிவம் எவ்வளவு ஆழமாக அந்தக் காலத்தில் வேர்பிடித்தது என்பதற்கு இந்தப் படத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

3. வளர்ந்தவர்கள் திரும்பி வருகிறார்கள்

‘சேன்-லூவின் பழைய மாணவர்கள்’ நாவலை வெரி 1944இல் வெளியிட்டார். 1950இல் படமாக்கியவர் ஜார்ஜ் லம்பேன். புனித பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். 1946இல் தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலையும், 1956இல் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலையும் திரைக்குக் கொண்டுவந்தவர். குற்றத்தைவிடக் குற்ற உணர்ச்சியில் நாட்டம் கொண்ட இயக்குநர் என்று அவரைச் சொல்லலாம். பெர்னார் பிளியே, பிரான்சுவா பெரியே, செர்ஜ் ரெஜியானி, ஒதில் வெர்சுவா, பியர் லார்க்கே ஆகியோர் நடித்தார்கள்.

இது மகத்தான படம் என்று நான் சொல்ல வரவில்லை. சேன்-அஜிலின் இரவுகளில் இருந்த மாயம் இதில் குறைவு. ஆனாலும் இந்தப் படத்தை நடுவில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1938இல் பிள்ளைகள் பெரியவர்களைச் சந்தேகித்தார்கள். அது பிள்ளைகளின் உரிமை. 1950இல் பெரியவர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறார்கள். சந்தேகிப்பவரும் இப்போது மாசற்றவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் நடுவில் கழிந்துபோன ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. சிறு வயதில் ஒரே பெஞ்சில் இருந்தோம் என்ற ஒரே உரிமையில் தோளில் கைபோட்டுக்கொள்கிறார்கள். இந்தத் தோளுக்குரியவன் இப்போது யார் என்ற அச்சமும் அந்தக் கைக்குள்ளேயே இருக்கிறது.

கூடுகை என்பதன் நாடகத் தன்மை இங்கேதான் இருக்கிறது. இரண்டு காலங்கள் ஒரே அறையில் நிற்கின்றன. பிள்ளைப் பருவத்தில் வைத்த பட்டப்பெயர் ஒரு பக்கம், இன்றைய விசிட்டிங் கார்டு மறுபக்கம். குற்றம் நடக்காவிட்டாலும் அந்த அறையில் ஒரு விசாரணை நடந்துகொண்டுதான் இருக்கும். கதாசிரியர் ஒரு பிணத்தைக் கொண்டுவந்து போடும்போது அந்த விசாரணைக்கு வாய் கிடைக்கிறது.

1950இன் பார்வையாளர்களுக்கு இன்னொன்றும் நினைவில் இருந்திருக்கும். பியர் லார்க்கே 1943இல் க்ளூசோவின் ‘காகம்’ படத்தில் மருத்துவர் வொர்சேயாக நடித்தவர். மொட்டைக் கடிதங்களால் ஊரையே உலுக்கியவர் யார் என்று தேடித் தேடி, கடைசியில் அந்த இனிய முதியவரிடம் போய் நின்ற படம் அது. அந்தப் படமும் கொந்தினந்தால் தயாரிப்பு. விடுதலைக்குப் பின் அதைத் தடைசெய்தார்கள்; க்ளூசோவும் சில ஆண்டுகள் படம் எடுக்க முடியாமல் இருந்தார். அப்படி ஒரு முகம் மறுபடி திரையில் சிரிக்கும்போது அதை நம்புவதா வேண்டாமா என்று தயங்குவது இயல்பு.

4. சட்டம் விலகிக்கொண்ட இடம்

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். 1959இல் ஜூலியன் துவிவியே இயக்கிய ‘மாரி-ஒக்தோபர்’. பள்ளி போய்விட்டது. அதன் இடத்தில், ஜெர்மானிய ஆதிக்கத்தை மறைவாக எதிர்த்துப் போராடிய ஒரு எதிர்ப்பியக்கக் குழு வந்திருக்கிறது. மற்றபடி வடிவம் அதேதான்: பழைய தோழர்கள், ஒரு விருந்து, ஒரு பூட்டிய வீடு, ஒரு கேள்வி.

ஜாக் ரோபேர் எழுதிய நாவல். உரையாடல் ஆன்றி ஜான்சோன். படத்தின் நேரமும் கதையின் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு மாளிகையின் வரவேற்பறையை விட்டுக் கேமரா பெரும்பாலும் நகர்வதில்லை. 1944 ஆகஸ்டில் இதே வீட்டில் குழுவின் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது கெஸ்டபோ நுழைந்தது. குழுத் தலைவர் கஸ்தீய் கொல்லப்பட்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, மாரி-ஒக்தோபர் என்ற மறைபெயரில் இயங்கிய பெண்ணும், வீட்டுக்குச் சொந்தக்காரரான தொழிலதிபரும் மீதமிருக்கும் எல்லோரையும் விருந்துக்கு அழைக்கிறார்கள். அவள் இப்போது பாரிஸில் ஒரு ஆடை வடிவமைப்பு நிறுவனத்தை நடத்துபவள். அவளுடைய ஆடைக் காட்சிக்கு வந்த ஒரு ஜெர்மானிய வணிகர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்: அன்று உங்கள் குழுவிலிருந்தே ஒருவர் காட்டிக்கொடுத்தார் என்று.

அறையில் பத்துப் பேர். வழக்கறிஞர், மருத்துவர், பாதிரியார், இறைச்சி வியாபாரி, பூட்டுத் தொழிலாளி, வரி அதிகாரி, அச்சக முதலாளி, இரவு விடுதி நடத்தும் முன்னாள் மல்யுத்த வீரர், தொழிலதிபர், மாரி-ஒக்தோபர். போரின்போது இவர்கள் எல்லோரும் ஒரே தட்டில் இருந்தார்கள். சமாதானம் வந்ததும் அவரவர் வர்க்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். விருந்தின் முதல் பாதியில் இவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையிலேயே துவிவியே இதைச் சொல்லிவிடுகிறார். ஒருவர் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்ப்பதை விடமாட்டேன் என்கிறார். துரோகியைத் தேடும் அறையில் அந்தப் பெட்டியின் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1959இன் பிரான்சை இதைவிடத் துல்லியமாக ஒரு அறைக்குள் வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவர்கள் ஏன் போலீசை அழைக்கவில்லை? ஏன் நீதிமன்றம் போகவில்லை? இந்த வடிவத்தின் உச்சம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கொடுங்குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு பத்தாண்டு. கதையில் பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அதோடு 1951இலும் 1953இலும் வந்த பொதுமன்னிப்புச் சட்டங்கள், ஆதிக்கக் காலத்தில் ஒத்துழைத்ததற்காகச் சிறையில் இருந்தவர்களில் பெரும்பாலோரை வெளியே கொண்டுவந்துவிட்டன. மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1964 டிசம்பரில்தான். ஆக, 1959இல் அந்த அறையில் இருந்தவர்களுக்கு வெளியில் நீதி என்ற கதவே இல்லை. வெளியாள் வராதது கதாசிரியரின் தந்திரமாக இருந்த காலம் போய், நாட்டின் நடப்பாகிவிட்டது. அரசு மறந்துவிடுவோம் என்கிறது; இறந்தவரை நேசித்தவர்களால் மறக்க முடியவில்லை.

இந்தக் கதை காற்றில் பிறந்ததும் இல்லை. 1943 ஜூன் 21 அன்று லியோன் நகருக்கு அருகே கலுயீர் என்ற ஊரில் ஒரு மருத்துவர் வீட்டில் எதிர்ப்பியக்கத் தலைவர்கள் கூடியிருந்தபோது கெஸ்டபோ நுழைந்தது. பிடிபட்டவர்களில் ஒருவரான எதிர்ப்பியக்கத் தலைவர் ழான் மூலேன் சித்திரவதையில் உயிர்விட்டார். உள்ளிருந்து யார் சொன்னது என்ற கேள்வி அன்றிலிருந்து பிரான்சை விடவில்லை. அந்தக் கூட்டத்துக்கு வந்து தப்பிய ரெனே ஆர்டி மீது 1947இலும் 1950இலும் வழக்கு நடந்தது. இரண்டு முறையும் அவர் விடுவிக்கப்பட்டார். நீதிமன்றம் முடித்துவிட்டது, மனங்கள் முடிக்கவில்லை. ‘மாரி-ஒக்தோபர்’ பார்க்கப் போனவர்கள் மனத்தில் கலுயீர் வீடு இருந்திருக்காது என்று நம்புவது கடினம்.

நாம் மறக்கக்கூடாத மறுபக்கமும் உண்டு. விடுதலையை ஒட்டிய மாதங்களில் நீதிமன்றத்தின் வாசலைக்கூடப் பார்க்காமல் பிரான்சில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 9,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் உண்மையான காட்டிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள், தனிப்பகைக்குப் பலியானவர்களும் இருந்தார்கள். தோழர்களே நீதிபதிகளாகும்போது என்ன நடக்கும் என்பதை அந்த நாடு நேரில் பார்த்திருந்தது. துவிவியேயின் படத்தில் பத்துப் பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, துரோகி ஒப்புதல் எழுதித் தந்துவிட்டுத் தன்னைத் தானே சுட்டுக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும்போது நமக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒரே நேரத்தில் வருகின்றன. இவர்களுக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறது என்று தோன்றுகிறது. இவர்கள் கையில் இந்த உரிமை இருப்பது அச்சம் தருகிறது என்றும் தோன்றுகிறது. சந்தேகம் ஒருவர் மாற்றி ஒருவர் மேல் தாவும்போது ஒவ்வொருவரும் எவ்வளவு விரைவில், எவ்வளவு ஆவலோடு குற்றம் சாட்டும் பக்கத்துக்குப் போகிறார்கள் என்பதைப் பாருங்கள். தன் மேல் விழாமல் இருந்தால் போதும் என்ற நிம்மதி, வீரர்களாக இருந்த மனிதர்களின் முகத்தில் படர்கிறது.

துரோகி யார் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. படம் வந்து அறுபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தெரிந்துகொண்டு பார்த்தால்தான் இந்தப் படம் முழுதாகத் தெரிகிறது. அவர் அச்சக முதலாளி ரூழியே. பெரிய கொள்கைப் பகை ஒன்றும் இல்லை. குழுவின் பணத்தை எடுத்திருந்தார். போருக்குப் பிந்தைய அவர் பிழைப்பு அதன்மேல் கட்டப்பட்டது. கடைசியில் மாரி-ஒக்தோபரே அவரைச் சுடுகிறாள். இந்த முடிவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒன்றரை மணி நேரம் பத்துப் பேரும் சேர்ந்து சுமந்த பாரத்தை ஒரு கைத்துப்பாக்கி ஒருத்தியின் தோளில் இறக்கிவைத்துவிடுகிறது. மற்ற எட்டுப் பேரும் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். வெளியாள் இல்லாத விசாரணையின் கொடுமையே தீர்ப்பும் எல்லோருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான். அதைக் கடைசி நிமிடத்தில் துவிவியே கைவிட்டார் என்பது என் கருத்து. இருந்தாலும் இந்த வகையின் தலைசிறந்த படம் இதுவே.

5. முகங்களின் நினைவு

ரூழியேயாக நடித்தவர் செர்ஜ் ரெஜியானி. வழக்கறிஞராக வந்தவர் பெர்னார் பிளியே. இருவரும் 1950இல் சேன்-லூவின் பழைய மாணவர்கள். திரையில் கூடுகை என்பது கதாபாத்திரங்களின் கூடுகை மட்டும் இல்லை. நடிகர்களும் ஒவ்வொரு படத்திலும் மறுபடி கூடுகிறார்கள், முன் பிறவிகளின் சுமையோடு.

ரெஜியானி இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியாவில் பிறந்தவர். பாசிசத்தை எதிர்த்த குடும்பம் அவரைச் சிறுவனாகப் பிரான்சுக்குக் கொண்டுவந்தது. 1946இல் கர்னேயின் ‘இரவின் வாசல்கள்’ படத்தில் அவர் ஏற்றது எதிர்ப்பியக்கத்தினரைக் காட்டிக்கொடுத்தவனின் வேடம். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி அதே பாவம். அவருடைய மெலிந்த, வருந்தும் முகத்தில் துரோகத்தை ஏற்றும்போது நாம் வெறுக்க முடியாமல் தவிக்கிறோம். இயக்குநர்கள் அந்தத் தவிப்புக்காகவே அவரைத் தேடிப்போனார்கள் என்று நினைக்கிறேன். பிளியேவும் அப்படியே. 1947இல் ‘கே தெஸ் ஒர்ஃபேவ்ர்’ படத்தில் போலீஸ் அதிகாரி முன் வியர்த்து நின்ற சந்தேக மனிதர். 1959இல் கேள்வி கேட்கத் தெரிந்த வழக்கறிஞர். மல்யுத்த வீரராக வரும் லினோ வெந்துரா நடிக்க வருவதற்கு முன் உண்மையிலேயே மல்யுத்த வீரர்.

1969இல் ழான்-பியர் மெல்வில் ‘நிழல்களின் படை’ எடுத்தபோது இவர்களில் மூவர் மறுபடி சேர்ந்தார்கள். வெந்துரா குழுவின் முக்கிய மனிதர். தொழிலதிபராக வந்த போல் மெரிஸ் இங்கே தலைவர். ரெஜியானி ஒரே ஒரு காட்சியில் முடிதிருத்துபவராக வருகிறார். தப்பியோடி வரும் வெந்துரா அவர் கடைக்குள் நுழைகிறார். சுவரில் விஷி அரசின் தலைவர் பெத்தேனின் சுவரொட்டி. சவரம் செய்பவர் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியவில்லை. சவரம் முடிந்ததும் அவர் எதுவும் கேட்காமல் வேறொரு மேலங்கியைக் கொடுத்து அனுப்புகிறார். ரெஜியானியை இருமுறை துரோகியாகப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியில் மூச்சு நின்றுவிடும். மெல்வில் அந்த நினைவை எண்ணித்தான் அவரை அங்கே நிறுத்தினாரா என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் காட்சி அந்த நினைவில்தான் வேலை செய்கிறது. அந்தப் படத்தில் குழு தன் ஆட்களைத் தானே கொல்கிறது. துவிவியே ஒருத்தியின் கையில் கொடுத்ததை மெல்வில் எல்லோர் கையிலும் திருப்பிக் கொடுத்தார்.

6. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

பள்ளியில் நடக்கும் பிரெஞ்சு மர்மப் படம் என்றாலே க்ளூசோவின் ‘லே தியபோலிக்’ (1955) அல்லவா, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று நண்பர்கள் கேட்கலாம். அது மிகச் சிறந்த அச்சுறுத்தும் படம். ஆனால் அதில் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் வருகிறார், தேடுகிறார், பிடித்துவிடுகிறார். பார்வையாளர் பயந்து, பிறகு விடுபட்டு வீட்டுக்குப் போகிறார். வெளியாள் வந்த உடனே கேள்வி சுருங்கிவிடுகிறது என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் வந்த ‘பன்னிரண்டு கோபக்காரர்கள்’ படத்தில் பூட்டிய அறை இருக்கிறது, வாதம் இருக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். தீர்ப்புச் சொல்லிவிட்டு மழை நனைந்த படிகளில் பிரிந்து போகலாம். சேன்-லூவுக்கும் மாரி-ஒக்தோபரின் விருந்துக்கும் வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடமும் திரைப்படச் சங்கங்களை நடத்தும் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். சேன்-அஜில், சேன்-லூ, மாரி-ஒக்தோபர் மூன்றையும் 1938, 1950, 1959 என்ற வரிசையிலேயே ஒரே வாரத்தில் திரையிடுங்கள். முடிந்தால் நான்காவதாக மெல்வில்லின் படத்தையும் சேருங்கள். பிரெஞ்சு படித்தவர்கள் உங்களிடையே இருக்கிறார்கள். ஆங்கிலத் துணைவசனத்தை நம்பியிராமல் ஜான்சோனின் உரையாடலை நேராகத் தமிழில் கொண்டுவரும் வேலையை அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘மாரி-ஒக்தோபர்’ முழுக்கப் பேச்சினால் ஆன படம். அந்தப் பேச்சு நம் மொழியில் கேட்டால்தான் அந்த அறைக்குள் நாமும் ஒருவராக உட்கார முடியும்.